ஸ்படிக யானைக்கு வந்த சோதனை

கரட்டூர் ஜமீன்தாருக்குக் கல்லில் செதுக்கிய குட்டி மிருகங்கள் என்றால் பைத்தியம். மரகதக் கிளி, பவள மீன், கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்படிக யானை. தினமும் அவற்றைத் துடைத்து வைப்பவள் வேலைக்காரி ஒச்சம்மா. ஒருநாள் ரத்தினப் பரிசோதகர் ஏகாம்பரம் வந்தார். எட்ட நின்றே அலமாரியில் இருந்த யானையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது கண்ணாடி. அசலை இவ மாத்திட்டா."

"கன்னத்துல வச்சுப் பாருங்க சாமி," என்றாள் ஒச்சம்மா. "கண்ணாடின்னா சட்டுனு சூடேறிரும். இது இந்த வெயில்லயும் ஜில்லுனு இருக்கும்."

"தொட்டுப் பாக்கிறது கத்துக்குட்டி வேலை. எனக்குக் கண்ணு போதும். அசல் யானை இப்பவே வரணும், இல்லேன்னா போலீஸ் வரும்!"

எடுக்காத யானையை எங்கே போய்த் தேடுவது? ஒச்சம்மா அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கையில் ஜமீன்தாருக்குச் சூடான பால், மறு கையில் வெற்றிலைமேல் ஒரு குட்டி யானை என்று வந்து நின்றாள்.

ஏகாம்பரம் துள்ளினார். "இதுதான் அசல் ஸ்படிகம்! திருட்டு வெளிய வந்திருச்சு பாத்தீங்களா!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி."

"என் கண்ணு பொய் சொல்லாது!"

ஒச்சம்மா அந்த யானையைப் பாலில் போட்டு நிதானமாகக் கலக்கினாள். கற்கண்டுத் தும்பிக்கை போனது, கால்கள் போயின, கடைசியில் யானையே போனது.

ஜமீன்தார் ஒரு வாய் குடித்தார். பிறகு அலமாரி யானையை எடுத்துக் கன்னத்தில் வைத்தார். ஜில்லென்றிருந்தது.

"ஏகாம்பரம்," என்றார், "அடுத்த தடவை வரும்போது நாக்கையும் கூட்டிட்டு வாங்க."