கன்றுக்குட்டியிடம் திக்காதவன்

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மடத்து மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு பேச்சுச் சத்தம். யாருக்கும் பழக்கமில்லாத குரல், தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

திருடன்தான் என்று மூத்த சீடன் அம்பலவாணன் தடியோடு போய் எட்டிப் பார்த்தான். உள்ளே நல்லதம்பி! கன்றுக்குட்டியின் கழுத்தைச் சொறிந்தபடி கதை சொல்லிக்கொண்டிருந்தான். மடத்துக்கு வந்ததிலிருந்து ஒரு வாக்கியத்தைத் திக்காமல் முடிக்காத நல்லதம்பி.

அம்பலவாணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைத் தரதரவென்று குருவின் முன்னால் இழுத்துவந்தான். மற்ற சீடர்களும் கூடிவிட்டார்கள்.

"சாமி, படிக்கச் சொன்னால் திக்குகிறான். வந்தவர்களிடம் பேசச் சொன்னால் திக்குகிறான். கன்றுக்குட்டியிடம் மட்டும் அருவியாகக் கொட்டுகிறது! எல்லாம் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிற நடிப்பு. இன்றைக்கே வெளியே அனுப்புங்கள்."

"நா... நா..." நல்லதம்பியின் முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"பாருங்கள், ஆரம்பித்துவிட்டான்!"

குரு நல்லதம்பியிடம் கேட்டார். "எப்போதெல்லாம் திக்காது?"

"க... கன்னுகிட்டத் திக்காது சாமி. எ... எல்லாரும் சேர்ந்து பாடுறப்போ திக்காது. யா... யாராச்சும் பே... பே... பேரு கேட்டா..."

"கோளாறு என்றால் எல்லா இடத்திலும் கோளாறுதானே, சாமி?" அம்பலவாணன் விடவில்லை.

"நானும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை" என்ற குரு, ஒரு பெரிய செம்பு மோரை அம்பலவாணனிடம் நீட்டினார். "ரொம்பக் கத்திவிட்டாய். குடி." அது தீர்ந்ததும் இன்னொன்று.

பேச்சு வேறெங்கோ போனது. அம்பலவாணன் நெளிய ஆரம்பித்தான்.

"ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன், சாமி."

"அதோ தென்னை. அங்கேயே போ. நாங்கள் இங்கேயே நிற்கிறோம்."

நல்ல நிலா வெளிச்சம். அவன் திரும்பி நின்றான். முதுகுக்குப் பின்னால் ஒருவரும் பேசவில்லை.

"ஆயிற்றாடா?"

"இல்லை, சாமி."

யாரோ குழந்தைக்குச் சொல்வதுபோல் "ஸ்ஸ்ஸ்..." என்றார்கள். வர இருந்ததும் நின்றுபோனது.

"உடம்புக்கு ஏதாவது?"

"ஒன்றுமில்லை, சாமி. எல்லாரும் பார்க்கிறார்கள்..."

"தினமும் போகிறவன்தானே?" குருவின் குரலில் கேலியே இல்லை. "நடிக்கிறாயா?"

அம்பலவாணனின் காது மடல் சுட்டது.

"நல்லதம்பி மடத்தை விட்டுப் போக வேண்டாம், சாமி!" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினான். சிரித்துக்கொண்டே நாலு பேர் பின்னால் ஓடிவந்தார்கள். கதவைச் சாத்தினான். அவசரத்தில் தாழ்ப்பாள் விழவில்லை.

வெளியே நல்லதம்பியின் குரல் கேட்டது.

"த... தள்ளுங்க. யா... யாரும் இங்க நி... நிக்காதீங்க. அ... அண்ணன் மெதுவா வரட்டும்."

காலடிச் சத்தங்கள் விலகிப் போயின.

அம்பலவாணன் தாழ்ப்பாளை மறுபடியும் அழுத்தினான். இந்த முறை விழுந்தது.