வளைவுக்குக் கீழே ஒரு நாற்காலி

பட்டணத்தில் டவுன் ஹால் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசல் வளைவின் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அதற்குள், அதைத் தாங்கி நின்ற முட்டுக்கட்டைகளைத் தட்டி எடுக்கச் சொன்னார் இன்ஜினீயர் பிரெண்டன் துரை. மறுநாள் கவர்னர் வருகிறாராம்.

"விழுந்துடும் துரை," என்றான் கொத்தனார் ஏழுமலை.

"நான் வரைஞ்ச வளைவு, அசையாது. ஏறித் தட்டு. இல்லைன்னா உன் ஆட்களோட வெளியே போ."

ஏழுமலை சுத்தியலை எடுத்தான். சாந்து சுமக்கும் அவன் மனைவி கன்னியம்மா, இடுப்புக் குழந்தையோடு போய், துரையின் நாற்காலியை இழுத்து வந்து வளைவுக்கு நேர் கீழே போட்டாள்.

"உட்காருங்க துரை. முட்டு எடுக்கிறப்போ, வளைவை வரைஞ்சவரைக் கீழே உட்கார வச்சுப் பூசணிக்காய் சுத்தி உடைக்கிறது எங்க வழக்கம். நீங்க உட்கார்ந்ததும் இவர் தட்டுவார்."

வேலையாட்கள் எல்லோரும் துரையையே பார்த்தார்கள். துரை அண்ணாந்து பார்த்தார். வளைவிலிருந்து ஈரச் சுண்ணாம்பு ஒரு சொட்டு நாற்காலியில் விழுந்தது.

"கவர்னர் பக்கவாட்டு வாசல் வழியா வரட்டும்," என்று சொல்லிவிட்டுத் துரை நடந்தார்.

ஏழுமலை மெதுவாகக் கேட்டான்: "இது எந்த ஊரு வழக்கம், புள்ள?"

"இந்த ஊருதான். இப்பத்தான் ஆரம்பிச்சுது. குழந்தையைப் பிடி, துரை நாற்காலியைத் திருப்பி வச்சுட்டு வரேன்."