மூடாத குழாய்

முதலில் கெடுதல் செய்தவன் துரைசாமி. இதைச் சொல்லிவிட்டுத்தான் நாச்சிமுத்து வேறு எதையும் பேச ஆரம்பிப்பார்.

அன்று காலையும் அப்படித்தான்.

“அம்மிணி, அந்தத் துரைசாமி இருக்கானே…”

“பம்பைப் பூட்டுங்ணா” என்றாள் ஜெயக்கொடி.

பொள்ளாச்சியில் கண்ணாடிச் சுவர் கழுவுவது அவள் தொழில். ஏணி கிடையாது, கயிறு கிடையாது. வண்டியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பம்பு, ஒரு பேட்டரி, பம்பை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு சின்னப் பெட்டி. தொட்டியிலிருந்து ஓஸ் போகும். ஓஸின் முனையில் தென்னை உயரக் கோல். கோலின் உச்சியில் பிரஷ், அடியில் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு குழாய். தரையில் நின்றபடியே மூன்றாம் மாடியைக் கழுவிவிடலாம்.

நாச்சிமுத்துக்கு அவளுடைய அப்பா வயது. கிணற்று மோட்டார் மாட்டிக் கழற்றியே காலம் தள்ளியவர். முழங்கால் மறுத்துவிட்டதும் அவளிடம் வந்து, தொழிலைக் கற்றுக்கொடு என்று நின்றார்.

அவள் வாயால் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

துடைக்காமல் விட்டால் கண்ணாடியில் திட்டுத் திட்டாக நிற்காதா என்று வந்த அன்றே கேட்டார். அவள் அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் அலசி வெயிலில் வைத்தாள். உப்பு நீக்கிய தண்ணீர். காய்ந்ததும் மாட்டிப் பார்த்தார். தெருக்கோடி வரை பளிச்சென்று தெரிந்தது. தெருக்கோடியில் துரைசாமி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதும் தெரிந்தது.

துரைசாமி அவருக்கு முன்பிருந்தே அவளிடம் வேலை பார்க்கிறவன்.

அவன் செய்த கெடுதல் இதுதான். ஒரு கல்யாண மண்டபத்தின் முகப்பைக் கழுவப் போனார்கள். ஓஸைப் பம்பில் சொருகிக் கிளிப்பை முடுக்க வேண்டியது துரைசாமி. முடுக்கினேன் என்றான். மாப்பிள்ளை வந்து இறங்கினார். தவிலும் நாயனமும் தூள் பறந்தன. பறந்துகொண்டிருக்கும்போதே ஓஸ் பம்பைவிட்டுப் பிய்த்துக்கொண்டு பாம்பு போல எழும்பித் தவில்காரரைத் தலையோடு குளிப்பாட்டியது. தவில் தோல் தொய்ந்து போய், அடித்தால் பூசணிக்காயைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

யார் பூட்டினது என்று பெண்ணின் தாய்மாமன் வந்து நின்றார்.

“அண்ணன் பூட்டினதுங்க” என்றான் துரைசாமி.

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊரில் நாலு பேர் அவரை அபிஷேகக்காரர் என்று கூப்பிடுகிறார்கள். தப்பு என்னுதுங்ணா என்று ஒரு வார்த்தை துரைசாமி இதுவரை சொல்லவில்லை. நாச்சிமுத்துக்கு வேறெதுவும் வேண்டாம். அந்த ஒரு வார்த்தை வேண்டும்.

துரைசாமிக்கு ஒரு பழக்கம். கொஞ்சம் கனமான விஷயம் பேசுவதென்றால் முதலில் தொண்டையைக் கனைப்பான். அந்தக் கனைப்பு காதில் விழுந்ததும் நாச்சிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவார். அவன் என்ன புளுகப் போகிறான் என்பது அவருக்குக் கேட்காமலே தெரியும்.

இன்றைக்கு ஜவுளிக்கடை வேலை. புதுக் கடை, சாலை முழுக்க அதன் கண்ணாடிதான். பத்து மணிக்குத் திறப்பு விழா. ஜெயக்கொடி இரண்டாவதாக ஒரு வண்டி வாங்கியிருந்தாள். புதுப் பம்பு, புதுப் பெட்டி. நாச்சிமுத்து தானே எல்லாவற்றையும் பூட்டி, தானே பெட்டியைப் பழக்கி, கடை திறப்பதற்குள் கழுவி முடித்தால் அந்த வண்டி இனி அவர் கையில். முடிக்காவிட்டால் துரைசாமி கையில்.

துரைசாமி கையில் என்று கேட்டதுமே அவருக்குக் கை வேகம் பிடித்துவிட்டது.

பம்பைப் பூட்டினார். கிளிப்பை முடுக்கினார், மறுபடி முடுக்கினார். இனிப் பெட்டியைப் பழக்க வேண்டும்.

பெட்டிக்குக் கண் கிடையாது. பம்பு எவ்வளவு முக்குகிறது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். கீழே குழாயை மூடினால் தண்ணீர் போக வழியில்லாமல் பம்பு முக்கும். பெட்டி அதை உணர்ந்து பம்பை நிறுத்திவிடும், ஓஸ் தப்பிக்கும். எவ்வளவு முக்கினால் நிறுத்த வேண்டும் என்பதை ஆள்தான் பொத்தானை அழுத்தி அதற்குச் சொல்லிவைக்க வேண்டும்.

நாச்சிமுத்து கோலைத் தரையில் கிடத்தினார். தண்ணீரை ஓடவிட்டு, குழாயை மூடி, அளவைச் சொன்னார். பிறகு மண்டபத்தை நினைத்துக்கொண்டு அளவை இன்னும் கொஞ்சம் குறைத்தார். தவிலை நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம்.

திறந்தார், ஓடியது. மூடினார், நின்றது. குழந்தை போலச் சொன்னபடி கேட்டது.

“பாரு அம்மிணி” என்றார்.

“தூக்குங்ணா” என்றாள் அவள்.

கோலை நீட்டினார். முதல் மாடிக்குத் தண்ணீர் சரசரவென்று போனது. இரண்டாம் மாடிக்குப் போகும்போது பம்பு நின்றது.

குழாயைப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. பெட்டியைத் தட்டினார். ஓடியது. கோலைத் தூக்கினார். நின்றது.

கடைக்குள் பட்டுச்சேலை கட்டிய பொம்மைகள் வரிசையாக நின்று அவரையே பார்த்தன.

யாரோ ஓஸை மிதிக்கிறார்கள். யாரோ என்ன, துரைசாமிதான் மிதிக்கிறான். கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓஸோடு கூடவே நடந்தார். தூணைச் சுற்றிப் போனார், பூந்தொட்டியைச் சுற்றிப் போனார், வண்டி வரை போய்விட்டார். எங்கும் ஒரு மடிப்பு இல்லை, ஒரு கால் இல்லை.

துரைசாமி சாலைக்கு அந்தப் பக்கம், போண்டாக் கடையில் இருந்தான். இவரைப் பார்த்ததும் கையில் பொட்டலத்தோடு எழுந்தான். சாலையின் பாதிவரை வந்து தொண்டையைக் கனைத்தான்.

நாச்சிமுத்து திரும்பி நடந்தார்.

காலம் போய்க்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் வாசலில் வாழை மரம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் ஜெயக்கொடியிடம் வந்து, பெட்டி பழுது என்றார். கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். துரைசாமி ராத்திரியே வந்து எதையாவது திருகியிருப்பான் என்றார்.

அவள் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“தண்ணியை யாருங்ணா மூடினது?”

“யாரும் மூடலை. தேடிப் பாத்துட்டேன்.”

“அப்பறம் பெட்டி ஏன் நிறுத்துச்சு?”

“மூடிட்டாங்கன்னு அதுவா நெனச்சுக்கிச்சு.”

“எதை வெச்சு நெனச்சுது?”

“பம்பு லேசா முக்குச்சு. மேல ஏத்தறதுன்னா முக்கத்தானே செய்யும்? ஆழக் கெணத்துல இருந்தெல்லாம் தண்ணி ஏத்துனவன் நானு, எனக்குத் தெரியாதா?”

“தெரியும். பெட்டிக்குத் தெரியுமா?”

நாச்சிமுத்து பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“கிளிப்பு எப்படி?”

“யானையைக் கட்டி இழுக்கலாம்.”

“அப்பறம் என்னங்ணா பயம்?”

“உனக்குத் தெரியாது அம்மிணி. முதல்ல கெடுதல் செஞ்சவன் அவன்…”

ஜெயக்கொடி தொண்டையைக் கனைத்தாள். துரைசாமி கனைக்கிற மாதிரியே.

நாச்சிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலு எட்டு வைத்துவிட்டார்.

“இப்ப யாருங்ணா மூடினது?” என்றாள் அவள்.

அவர் நின்றார்.

வாழை மரம் கட்டுகிறவர்களில் ஒருவர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

பிறகு வண்டிக்குப் போனார். கோலை மூன்றாம் மாடி வரைக்கும் நீட்டிச் சுவரில் நிறுத்தினார். தண்ணீரை ஓடவிட்டார். பம்பு முக்கியது. முக்கட்டும் என்று விட்டார். தண்ணீர் உச்சிக்குப் போய்ப் பிரஷில் சிரித்துக்கொண்டு வழிந்தது. அப்போது குழாயை மூடி, பெட்டிக்குப் புது அளவு சொன்னார். திறந்தார், ஓடியது. மூடினார், பம்பு முனகிவிட்டு நின்றது. மறுபடி திறந்தார்.

அப்புறம் நிறுத்தவேயில்லை. மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி, முதல் மாடி என்று கழுவிக்கொண்டே வந்தார். மேளக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் இவரைக் கண்டதும் தவிலைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு தூரமாகப் போய் உட்கார்ந்தார்.

நாச்சிமுத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியாக ஒரே ஒரு கண்ணாடி பாக்கி. அவருடைய இரண்டு கையும் கோலில் இருந்ததால் ஜெயக்கொடி வண்டிச் சாவியை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனாள்.

நனைந்த கண்ணாடியில் பின்னால் ஒரு உருவம் வந்து நின்றது. கையில் போண்டாப் பொட்டலம். தொண்டையைக் கனைத்தது.

நாச்சிமுத்தின் கழுத்து தானாகத் திரும்பப் போனது. அவர் விடவில்லை. கோலை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணா” என்றான் துரைசாமி.

“ம்.”

“அன்னிக்கு மண்டபத்துல…”

“ம்.”

அவன் பொட்டலத்தைப் பார்த்தான். மேலே பார்த்தான். மறுபடியும் கனைத்தான்.

“…அந்தத் தவில்காரர் நல்லா வாசிச்சாருங்கல்ல?”

“நனையற வரைக்கும் நல்லாத்தான் வாசிச்சார்” என்றார் நாச்சிமுத்து.

துரைசாமி தலையைக் குனிந்துகொண்டான். போகவில்லை. பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான்.

நாச்சிமுத்து ஒரு கையால் போண்டாவை எடுத்துக்கொண்டார். மறு கையில் கோல். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“அப்பறம்?” என்றார்.