செம்பனை ஜெயிக்க வைத்தவன்

சின்னவர்களே கேளுங்கள், பெரியவர்களும் காது கொடுங்கள். கப்பலில் குதிரைகள் வந்திறங்கிய காலம் அது. பெருஞ்சாத்தன் என்ற குதிரை வணிகனிடம் கொற்றன் என்றோர் இளைஞன் வேலை பார்த்தான். அவனைப்போல் குதிரையோட்ட அந்த நாட்டில் ஆள் இல்லை. ஆனால் அவனையும் பெருஞ்சாத்தனையும் தவிர அது யாருக்கும் தெரியாது.

அரசன் பெரும் பந்தயம் அறிவித்தான். ஜெயிக்கும் குதிரையைத் தன் மகனுக்கு வாங்குவதாகவும் சொன்னான்.

பெருஞ்சாத்தனிடம் செம்பன் என்ற குதிரை இருந்தது. பார்க்க அழகு. இடப்பக்கம் வெட்டித் திருப்பினால் மட்டும் பின்னங்கால் மடங்கிவிடும்.

"இதை எப்படியாவது விற்றுத் தள்ளிவிட வேண்டும், கொற்றா. ஜெயித்துக் கொடு. அரண்மனை லாயத்துக்கு உன்னைத் தலைவனாக்கச் சொல்கிறேன்" என்றான் பெருஞ்சாத்தன்.

ஏரியை இடமாக மூன்று சுற்று வர வேண்டும். முதல் சுற்றில் கொற்றன் கடைசியாகப் போனான். இரண்டாம் சுற்றில், வளைவுகளில் செம்பனின் கால் மடங்காதபடி தன் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து நடுவே வந்தான். மூன்றாம் சுற்றில் எல்லாக் குதிரைகளும் களைத்தன, செம்பன் முந்தியது.

"செம்பன், செம்பன்" என்று ஊரே கத்தியது. கொற்றனின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அவனுக்கு நெஞ்சு கசந்தது.

அரசன் அவனை அழைத்தான்.

"குதிரைக்கு நோய் உண்டா?"

"இல்லை, அரசே."

"பழுது உண்டா?"

கொற்றன் பெருஞ்சாத்தனைப் பார்த்தான். "இல்லை, அரசே."

"என் மகன் நம்பி ஏறலாமா?"

லாயத்துத் தலைமை கண்முன் நின்றது. "ஏறலாம், அரசே" என்றான்.

மறுநாள் இளவரசன் செம்பன்மேல் ஏறி, இடப்பக்கம் வெட்டித் திருப்பினான். கால் மடங்கியது. கல்லில் விழுந்த பிள்ளை எழுந்திருக்கவே இல்லை.

குதிரையின் விலையை வாங்கிக்கொண்டு பெருஞ்சாத்தன் அதற்குள் கப்பலேறிவிட்டான். கொற்றனைத்தான் இழுத்து வந்தார்கள்.

"பழுது இருந்ததா?" என்றான் அரசன்.

"இருந்தது, அரசே. என் திறமையால்தான் அது ஜெயித்தது."

"நம்புகிறேன். உன் திறமை என் மகனைக் கொன்றது."

அன்றுதான் அவன் திறமையை ஊர் அறிந்தது. அன்றோடு குதிரையேறவும் தடை விழுந்தது. தலை நரைக்கும்வரை அதே அரண்மனை லாயத்துக்குப் புல் அறுத்தான். வழியில் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பொய்க்குத் துணைபோகும் திறமை, பிறரையும் கெடுத்துத் தன்னையும் கெடுக்கும்.