கணக்கில் மிஞ்சியது

காளத்தி கல்லூரியில் பொருளாதாரம் கற்பிப்பவர். நாட்டில் தொழிற்சாலை உற்பத்தி எதனால் வளர்ந்தது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு வழிகாட்டி பேராசிரியர் வஹிதா. வயதில் காளத்தியைவிட இளையவர்.

ஒரு நாள் காளத்தி தன் ஆய்வுத் தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"விட்டுடலாம்னு இருக்கேன், மேடம்."

"ஏன் சார்?"

"மொத்த வளர்ச்சியில புது மெஷினால வந்ததைக் கழிச்சேன். கூடுதலா சேர்ந்த ஆட்களால வந்ததையும் கழிச்சேன். அப்பவும் பெரிசா ஒண்ணு மிஞ்சுது. எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல. திரும்பத் திரும்பப் போட்டாலும் அதே மிச்சம். எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன்."

இந்த ஆய்வுக்காக வீட்டில் எல்லாவற்றையும் தள்ளிப்போட்டவர் அவர்.

வஹிதா தாள்களைப் புரட்டவில்லை. "நாளைக்கு ஆம்பூர் வரைக்கும் போயிட்டு வரலாம், வாங்க" என்றார்.

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலை. தையல் கூடத்தில் இரண்டு வரிசைகள். மெஷின்கள் ஒரே வகை. ஆட்களும் சமம். ஆனால் ஜன்னலோர வரிசையில்தான் தைத்த தோல் வேகமாகக் குவிந்தது.

"பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு வஹிதா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

சுவரோர வரிசையில் ஓர் ஊசி உடைந்தது. அந்தப் பெண் கையைத் தூக்கிவிட்டு மெக்கானிக்குக்காகக் காத்திருந்தாள். அவளுக்கு அடுத்த மெஷின்களும் வேலையில்லாமல் நின்றன.

ஜன்னலோரத்திலும் ஓர் ஊசி உடைந்தது. ரோஸ்லின் என்ற பெண் தானே வேறு ஊசி மாட்டிக்கொண்டு தைக்கத் தொடங்கினாள்.

காளத்தி அவளிடம் போனார். "இதை யாரும்மா கத்துக்குடுத்தது?"

"யாரும் இல்ல சார். ஒருநாள் மெக்கானிக் வரல. நானே மாத்திட்டேன். எங்க வரிசை சூப்பர்வைசரம்மா பாத்துட்டாங்க. பயந்துட்டேன்."

"திட்டினாங்களா?"

"இல்ல சார். எல்லாருக்கும் காட்டுன்னாங்க."

காளத்தி மெல்லத் திரும்பி வந்தார்.

"மெஷினும் ஒண்ணுதான், ஆளும் ஒண்ணுதான், ஆனா இந்த வரிசையில கூடுதலா வருது. அப்ப என் கணக்குத் தப்பில்லையா, மேடம்?"

"தப்பில்ல."

காளத்தி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"இதை எதுல சேர்க்கட்டும்? மெஷின்லயா, ஆட்கள்லயா?"

"அந்த சூப்பர்வைசரம்மா திட்டியிருந்தா, எதுல சார் கழிச்சிருப்பீங்க?"

காளத்தி வாய்விட்டுச் சிரித்தார். "ரெண்டுலயும் இல்ல, மேடம். அதான் மிஞ்சுது!"