எலியின் காதில் ஒரு மந்திரி

ஏரிக்கரைப் புதரில் ஓர் எலி வாழ்ந்து வந்தது. எதிரே நின்ற இலுப்பை மரப் பொந்தில் ஓர் ஆந்தை இருந்தது. பொழுது சாய்ந்தால் ஆந்தை இறங்கும். ஏதாவது ஓர் எலியைத் தூக்கிக்கொண்டு போகும். அதனால் கரையிலிருந்த எலிகள் ஒரு நெல்லைக்கூட நிம்மதியாகக் கொறித்ததில்லை.

அந்த எலியின் காது மடலுக்குள் ஓர் உண்ணி குடியிருந்தது. மாட்டு மடியில் தொங்குமே, அந்தக் கொழுத்த உண்ணி என்று நினைத்துவிடாதீர்கள். இது மிளகாய்த்தூளில் ஒரு துகள் அளவுதான் இருக்கும். ஆனால் பேச்சு மட்டும் பெரிய பேச்சு!

ஒருநாள் எலி காதைப் பரபரவென்று சொறிந்தது.

"சொறியாதே ராஜா, சொறியாதே!" என்று கத்தியது உண்ணி. "என்னை உதறிவிட்டால் உனக்கு யார் நல்லது சொல்வார்கள்?"

"உன் நல்லதை வைத்து நான் என்ன செய்ய? நேற்று என் தம்பியை ஆந்தை கொண்டுபோனது. இன்றைக்கு நானோ, என் பிள்ளையோ!"

"அந்த ஆந்தையை ஒழித்துக் காட்டினால்?"

எலி சொறிவதை நிறுத்திவிட்டது. அதுவரை அதை யாரும் ராஜா என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லிலேயே அது கவிழ்ந்துவிட்டது.

"நீயா ஒழிப்பாய்? உன்னைத் தேடவே எனக்குக் கண் போதவில்லையே!"

"நான் எதற்கு? மனிதர்கள் ஒழிப்பார்கள். ஆந்தை கூரைமேல் உட்கார்ந்து கத்தினால் சாவு விழும் என்று இந்த ஊரில் பயப்படுகிறார்கள். காய்ச்சலில் ஒருத்தி படுத்திருக்கிற வீட்டின்மேல் அது உட்கார்ந்தால் சும்மா விடுவார்களா?"

"யாருக்குக் காய்ச்சல்?"

"இனிமேல் வரும். அதை என் கூட்டம் பார்த்துக்கொள்ளும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த வீட்டுக் கூரைக்கு ஆந்தையை இழுத்துக்கொண்டு ஓடு. ஓட்டுக்கு அடியில் புகுந்துகொள். அது உன்னைப் பிடிக்க முடியாமல் மேலேயே உட்கார்ந்திருக்கும்."

காலையில் பூங்காவனம் கருக்கரிவாளோடு ஏரிக்கரைக்கு வந்தாள். தன் ஆடுகளுக்குப் புல் அறுக்க அவள் தினமும் வருகிறவள். புல்லைக் கட்டாகக் கட்டி வைத்துவிட்டு, அங்கேயே புல்தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். வீட்டில் தவழ்கிற பெண்குழந்தை இருந்தது. பால் கட்டி மார் கனத்தது. சீக்கிரம் போக வேண்டும் என்று நினைத்தபடியே கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

புல் நுனிகளில் உண்ணியின் கூட்டம் காத்திருந்தது. ஒன்று அவள் காலில் ஏறியது. ஏறி, பாவாடை நாடா இறுகியிருந்த இடத்தில் போய்க் கடித்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை.

எலி அவளை அடையாளம் கண்டுகொண்டது. அவள் கோழிக்கு இறைத்த கம்பை அது எத்தனையோ முறை தின்றிருக்கிறது.

"அவள் செத்துப்போவாளா?" என்று கேட்டது.

"போகலாம், போகாமலும் இருக்கலாம். உனக்கு ஆந்தை ஒழிய வேண்டுமா, வேண்டாமா?"

எலி சற்று நேரம் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. பிறகு, "சரி" என்றது. தின்ற கம்பை மறந்த நன்றி கெட்ட எலி!

சில நாள் கழித்துப் பூங்காவனத்துக்குக் காய்ச்சல் கண்டது. தலை வெடித்துவிடும்போல் வலித்தது.

"கெளம்பு பூங்காவனம், ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான் அவள் புருஷன் காத்தவராயன்.

"இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி? சும்மா காய்ச்சல்தான். ஆட்ட யாரு பாக்குறது?"

இடுப்பில் பீடிச் சூடு போலக் கறுப்பாக ஒரு புண் இருந்ததை அவள் பார்த்தாள். நாடா உரசின புண் என்று நினைத்துக்கொண்டு, நாடாவைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டினாள். அந்த இடத்துப் புண்ணை யாரிடம் காட்டுவது? யாரிடமும் சொல்லவில்லை.

காய்ச்சல் இறங்கவில்லை. அந்தி நேரத்தில் காத்தவராயன் ஓர் ஆட்டோவைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினான். சரியாக அப்போதுதான் எலி கூரைமேல் ஓடியது. ஆந்தை பாய்ந்தது. எலி ஓட்டுக்கு அடியில் நழுவியது. ஆந்தை உச்சியில் உட்கார்ந்து காதைத் தீட்டியது. ஓட்டுக்கு அடியிலிருந்து பேச்சுக் கேட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம் இப்படிக் கிடப்பது?"

"ஆந்தை அவர்கள் கண்ணில் படும்வரை. அவள் இடுப்பில் இருக்கிற கறுப்புப் புண்ணை டாக்டர் பார்த்துவிட்டால் மாத்திரையிலேயே பிழைத்துக்கொள்வாள். இந்த ஆந்தைக்குப் பயந்து வீட்டிலேயே கிடத்தினால் நம் காரியம் முடிந்தது!"

"அடப்பாவிகளா!" என்றது ஆந்தை.

அது பேசாமல் பறந்து போயிருக்கலாம். பூங்காவனம் அதற்கு என்ன உறவா? ஆனால் அந்த முற்றத்தில் குழந்தை தவழ்வதை அது மரத்திலிருந்து எத்தனையோ அந்திகளில் பார்த்திருக்கிறது. பசியை மறந்து, தொண்டை கிழியக் கத்தியது.

"இடுப்பைப் பாருங்கள்! கறுப்புப் புண்ணைப் பாருங்கள்! சீக்கிரம் கொண்டுபோங்கள்!"

மனிதர் காதில் வெறும் அலறல்தான் விழுந்தது.

காத்தவராயனின் தங்கை அலமேலு மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயோ அண்ணா! சாவுக்குருவி கூரமேல குந்திக்கினு கூப்புடுது! இத்த வெரட்டாம அண்ணிய வெளிய எடுத்துனு போவாத! வழியிலயே உசுரு போயிடும்!"

"ஆட்டோ நிக்குது அலமேலு."

"நின்னா நிக்கட்டும்! மொதல்ல அத்த அடி!"

காத்தவராயன் ஆட்டோவைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். பிறகு குனிந்து கல்லை எடுத்தான். ஆட்டோ காலியாகத் திரும்பிப் போனது.

அடுத்த அந்தியிலும் ஆந்தை வந்தது. அதற்கு அடுத்த அந்தியிலும் வந்தது. அவள் இன்னும் வீட்டிலேயே கிடந்ததால் அது இன்னும் உரக்கக் கத்தியது. அது உரக்கக் கத்தியதால் அவளை இன்னும் வீட்டிலேயே கிடத்தினார்கள். தாயத்து கட்டினார்கள். வேப்பிலை செருகினார்கள். அவள் இடுப்பை ஒருவரும் பார்க்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது!

கடைசியில் ஒரு கல் ஆந்தையின் இறக்கையை முறித்தது. கீழே விழுந்ததைத் தடியால் அடித்துக் கொன்றார்கள்.

"இனிமே பயமில்ல" என்றாள் அலமேலு.

"இனிமேல் பயமில்லை" என்றது ஓட்டுக்கு அடியில் உண்ணி.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது பூங்காவனத்துக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா நாடாவைத் தளர்த்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

காத்தவராயன் அந்தப் புண்ணை அப்போதுதான் பார்த்தான். "தெரியலீங்கம்மா."

"உண்ணி கடிச்சிருக்கு. எலி மேலயும் புல்லுலயும் இருக்குற பொடி உண்ணி. காய்ச்சல் வந்ததும் வந்திருந்தா மாத்திரையிலயே சரி பண்ணியிருக்கலாம். இப்ப நுரையீரல், கிட்னி ரெண்டும் கெட்டுப்போச்சு. இத்தனை நாள் என்னப்பா பண்ணே?"

ஆந்தையை அடித்துக்கொண்டிருந்தேன் என்று அவன் எப்படிச் சொல்வான்? வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். விடிவதற்குள் பூங்காவனம் இறந்துபோனாள்.

ஏரிக்கரையில் எலி ராஜா ஆனது. ஆந்தை இல்லை; எலிகள் பெருகின. கரை முழுக்க வளை, வயல் முழுக்க வெட்டுப்பட்ட கதிர். எலிகள் பெருகப் பெருக உண்ணிகளும் பெருகின. காய்ச்சல் அடுத்த தெருவுக்கும் போனது.

ஊர் ஆட்கள் மண்வெட்டியோடு கரைக்கு வந்தார்கள். காத்தவராயன் முன்னால் நின்றான். வளைகளுக்குள் வைக்கோல் புகையை ஊதினார்கள்.

"மந்திரி! மந்திரி! ஒரு யோசனை சொல்!" என்று இருமியது எலி.

உண்ணி காது விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"எங்கே போகிறாய்?"

"இங்கே புகை அதிகம்."

"ஆந்தை ஒழிந்தால் நிம்மதி என்று நினைத்துத்தானே உன் பேச்சைக் கேட்டேன்!"

"ஆந்தையை ஒழிப்பதாகத்தான் சொன்னேன். ஒழித்துவிட்டேன். உன்னைக் காப்பாற்றுவதாக எப்போது சொன்னேன்?"

அவ்வளவுதான். உண்ணி காதிலிருந்து உதிர்ந்து, வளை வாய்க்கு ஊர்ந்து போய் ஒரு புல்லைப் பற்றிக்கொண்டது. எலி உள்ளேயே மூச்சு முட்டிச் செத்தது.

மறுபக்கத்து வளைகளிலிருந்து நிறைய எலிகள் தப்பி ஓடின. காத்தவராயன் இலுப்பை மரத்தின் காலிப் பொந்தை அண்ணாந்து பார்த்தான்.

"அந்த ஆந்த இருந்திருந்தா இதுல ஒண்ணுகூட தப்பியிருக்காது" என்றான்.

அலமேலு தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. கை வலிக்கிறதென்று அதைக் கீழே, பச்சைப் புல்லில் இறக்கப் போனாள். அங்கே புல் நுனியில் உண்ணி காலை நீட்டிக் காத்திருந்தது.

"புல்லுல உடாத!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தான் காத்தவராயன். அந்த அலறல் ஆந்தையின் அலறலைப் போலவே இருந்தது. குழந்தையைப் பிடுங்கி, கக்கம், இடுப்பு, கால் இடுக்கு எல்லாம் தடவித் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

காதுக்கு இனிக்கப் பேசுகிறவனை நம்பி, கேட்கக் கசக்கும்படி கத்துகிறவனைக் கல்லால் அடிக்கிறவர் எலியானாலும் மனிதரானாலும் சாவைத் தாமே வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறார்.