கதவு திறந்ததும் கண்ணில் படுவது

பர்வீனுக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் பூட்டு வேலை கற்றுக்கொள்ள வந்த தெய்வசிகாமணிக்கு ஐம்பத்தொன்பது. மனுஷன் முப்பது வருஷம் கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர். சீல் வைத்த உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரான் வீட்டுப் பூட்டையெல்லாம் ஆள் வைத்து உடைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு, உடைக்காமல் திறப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது. பாலக்கரையில் அவள் சாவிக்கடை முன்னால் போய் நின்று, "டீச்சர், என்னைச் சேர்த்துக்குவீங்களா?" என்றார். பர்வீன் சிரிக்கவில்லை. "உட்காருங்க சார்" என்றாள்.

அரமும் கம்பியும் நாலே மாதத்தில் கைக்குப் பழகிவிட்டன. ஒன்று மட்டும் அவருக்கு ஏறவே இல்லை. பர்வீன் ஆதாரைப் பார்ப்பாள், வீட்டுக்காரரிடம் பேசுவாள், பக்கத்து வீட்டில் விசாரிப்பாள். அதெல்லாம் சரி. அப்புறமும் பூட்டில் கை வைக்கும் முன் ஒரு கேள்வி கேட்பாள். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது என்ன? பதிலை வாங்கிக்கொண்டுதான் திறப்பாள். கதவை ஒருக்களித்துத் தான் மட்டும் எட்டிப் பார்ப்பாள். சொன்னது அங்கே இல்லையென்றால், பூட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

பேப்பர் சரியாக இருக்கும்போது எதற்கு இந்தப் பள்ளிக்கூடப் பரீட்சை என்று அமீனா கேட்டுப் பார்த்தார். அவள் ஏதோ ஒரு சாவியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை ஜெசிந்தா வந்தாள். உறையூரில் மாடி அறை. அவளும் நயினாரும் அதில் நாலு வருஷம் குடியிருந்தார்கள். அக்கா பிரசவத்துக்கு அவள் ஊருக்குப் போயிருந்தபோது, நயினார் பைபாஸில் லாரி மோதி இறந்துபோனான். இருந்த ஒரே சாவி அவன் சட்டைப்பையோடு எங்கேயோ போயிற்று. உடலை அவன் அப்பா வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். இவளுக்குத் தகவல் போனதே எல்லாம் முடிந்த பிறகுதான். கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. வாடகைப் பத்திரத்திலும் இவள் பெயர் இல்லை.

பர்வீன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். சென்னையிலிருந்து அவர் மூக்காலேயே பேசினார். அந்தப் பெண் அங்கே இருந்ததைத் தான் மறுக்கவில்லையாம். ஆனால் நாளைக்கு ரத்த சொந்தம் என்று ஒருத்தர் வந்து நின்றால், தான் எங்கே போய் முழிப்பதாம்?

"அவர் சரின்னு சொல்லாம நான் தொட முடியாதும்மா" என்றாள் பர்வீன்.

ஜெசிந்தா திரும்பிப் போனாள். அவள் போன பிறகு அமீனா, வீட்டுக்காரரின் மூக்குப் பேச்சை அச்சு அசலாகப் பேசிக் காட்டினார். பர்வீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை நயினாரின் அப்பா கோமதிநாயகம் சங்கரன்கோவிலிலிருந்து வந்து சேர்ந்தார். பிளாஸ்டிக் கவருக்குள் இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, வீட்டுக்காரரின் கடிதம். ஒரு குறை சொல்ல முடியாது. சாயங்காலத்துக்குள் சாமான்களை அள்ளிப்போட்டுக்கொண்டு அறையை ஒப்படைத்துவிட வேண்டும் என்றார். கையோடு டெம்போவும் பிடித்து வந்திருந்தார்.

மூவரும் உறையூர் போய்ச் சேர்ந்தபோது மாடிப்படியில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அங்கேதான் என்று கீழ்வீட்டில் சொன்னார்கள். அவள் யாரென்று பெரியவருக்குத் தெரியவில்லை. அமீனா பழைய பழக்கத்தில் "ஓரமா, ஓரமா" என்றார். அவள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள்.

பூட்டுக்கு முன்னால் பர்வீன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

பெரியவர் விழித்தார். "நான் இங்க வந்ததே இல்லையே தாயி."

"அப்போ திறக்க முடியாதுங்கய்யா."

அமீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தக் கோர்ட்டிலும் செல்லுபடியாகும் காகிதங்கள் என்று அவள் காதோரம் வாதாடினார். பர்வீன் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"ஏழு வருசமா அவன் மொகத்தையே பாக்கல" என்றார் பெரியவர். "வீட்டுக்குள்ள என்ன கெடக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கீழ்ப்படியிலிருந்து குரல் வந்தது. "நேரா ஜன்னல்ல ஒரு தூக்குச்சட்டி இருக்கும். மூடியில ஆவுடையம்மாள்னு பேர் வெட்டியிருக்கும்."

பெரியவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அது அவன் அம்மா பேருல்லா."

மகன் வீட்டை விட்டுப் போன வாரம் அந்தச் சட்டி காணாமல் போயிருந்தது. வேலைக்காரி மேல் பழியைப் போட்டு அவளை நிறுத்திவிட்டார். இதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

பர்வீன் குனிந்தாள். இரண்டு நிமிஷத்தில் பூட்டு விட்டுக்கொடுத்தது. கதவை ஒருக்களித்து எட்டிப் பார்த்தாள். பிறகு முழுசாகத் திறந்துவிட்டு விலகி நின்றாள்.

பெரியவர் செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆனால் நிலைப்படியைத் தாண்டவில்லை. திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"உள்ள வரலாமா தாயி?"

அவள் அவரைக் கடந்து உள்ளே போனாள். கொடியில் கிடந்த ஒரு சட்டையை எடுத்தாள். அப்புறம் அதை மடித்து வைத்தாள். வாசலுக்கு வந்தாள்.

"வாங்க மாமா."

கீழே டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

வெளியே அமீனா கம்பிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். மனசு ஆறவில்லை. பர்வீன் பக்கம் குனிந்து, "பேப்பர் அவர்கிட்ட இருந்துச்சு. பதில் அந்தப் பொண்ணுகிட்ட இருந்துச்சு. இப்ப இது யார் வீடு டீச்சர்?" என்றார்.

உள்ளே பெரியவர் தணிந்த குரலில் என்னவோ கேட்பது காதில் விழுந்தது.

"எங்க உட்காரட்டும்னு கேக்குறாரு சார்" என்றாள் பர்வீன். "சத்தம் போடாம இறங்குங்க."